பியூட்டிரிக் அமிலம்: பிணைந்தால் மணம், பிரிந்தால் நாற்றம்

பல மாதங்கள் மூடியே கிடந்த கருவிப்பெட்டியைத் திறந்ததும் வாந்தி வாடை குப்பென்று அடிக்கிறதா? எலி எங்கே செத்துக் கிடக்கிறது என்று தேடுவதற்கு முன், உள்ளே இருக்கும் பழைய ஸ்க்ரூ டிரைவரின் பிடியை முகர்ந்து பாருங்கள். கண்ணாடி போல் பளபளக்கும் அந்தப் பிடிகளில் பல, செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட் என்ற பிளாஸ்டிக்கால் வார்க்கப்பட்டவை. ஈரமும் சூடும் சேர்ந்து அந்தப் பிளாஸ்டிக்கை வருடக்கணக்கில் மெல்ல அரிக்கின்றன. அப்போது அதிலிருந்து கசிவது பியூட்டிரிக் அமிலம். பிடியின் மேல் மாவு தூவியதுபோல் வெள்ளைப் படலமும் பூத்திருக்கும். சிக்கு வாடை வீசும் வெண்ணெய், முற்றிய சீஸ், வாந்தி, கிங்கோ மரத்தடியில் உதிர்ந்து அழுகும் விதைச்சதை என எல்லாவற்றிலும் மூக்கைச் சுளிக்க வைப்பதில் இந்த அமிலத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும்: அமிலம் இப்போது தனியாக இருக்கிறதா, எதனுடனாவது பிணைந்திருக்கிறதா? தனியாக இருந்தால் நாறும். கிளிசராலுடன் பிணைந்தால் வாடையில்லாத கொழுப்பு. ஆல்கஹாலுடன் பிணைந்தால் அன்னாசி மணம். சோடியத்துடன் சேர்ந்தால் காற்றில் பறக்க முடியாத உப்பு. பழந்தமிழில் ‘நாற்றம்’ என்ற சொல் நறுமணத்தையும் குறித்தது. இந்த மூலக்கூறின் இரட்டை வேடத்துக்கு அந்தப் பழைய பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது.

மூலக்கூறு எப்படி இருக்கும்?

நான்கு கார்பன் அணுக்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. கடைசிக் கார்பனில் கார்பாக்சில் தொகுதி, அதாவது அமிலத்தன்மையைத் தரும் பகுதி. முறைப்படியான பெயர் பியூட்டனாயிக் அமிலம். மொத்தம் 4 கார்பன், 8 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். மூலக்கூறு எடை 88.11. பார்வைக்கு நிறமற்ற, லேசான எண்ணெய்ப் பதமுள்ள திரவம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு மில்லிலிட்டர் 0.96 கிராம் இருக்கும். உறைவது மைனஸ் 5 டிகிரி அளவில், கொதிப்பது 163.5 டிகிரியில். தண்ணீருடன் எந்த விகிதத்திலும் கலந்துவிடும். அந்தக் கரைசலில் கால்சியம் குளோரைடைப் போட்டால் மறுபடியும் தனி அடுக்காகப் பிரிந்து வரும்.

இதே எண்ணிக்கையில் இதே அணுக்களைக் கொண்ட இன்னொரு பொருள் எத்தில் அசிடேட், நகப்பூச்சு நீக்கும் திரவங்களில் வருவது. எடையில் இம்மியும் வித்தியாசமில்லை. ஆனால் எத்தில் அசிடேட் 77 டிகிரியிலேயே கொதித்துவிடும். பியூட்டிரிக் அமிலத்துக்கு ஏன் 86 டிகிரி கூடுதலாகத் தேவைப்படுகிறது? அமில மூலக்கூறுகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நின்று ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்தி அவற்றைக் காற்றில் பறக்கவிடக் கூடுதல் வெப்பம் வேண்டும். எத்தில் அசிடேட் ஓர் எஸ்டர், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் பிணைந்த பொருள். அதில் அந்த ஹைட்ரஜன் இல்லை, ஆகவே பிடியும் இல்லை.

தண்ணீரைவிட 63 டிகிரி அதிகமாகச் சூடாக்கினால்தான் கொதிக்கும் பொருள், அறை வெப்பத்தில் ஏன் அப்படி நாறுகிறது? ஆவியாகும் அளவு சொற்பம்தான், ஆனால் அந்தச் சொற்பத்தையும் நம் மூக்கு விடுவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு துளி கலந்தாலே வாடை தெளிவாகத் தெரியும்.

இந்த அமிலக் குடும்பத்தை வரிசையாக முகர்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு திருப்பம் புலப்படும். ஒரு கார்பன் ஃபார்மிக் அமிலம், இரண்டு கார்பன் அசிட்டிக் அமிலம், மூன்று கார்பன் புரோபியானிக் அமிலம் ஆகியவை மூக்கைக் குத்தும், எரிக்கும். நான்காவதில் குத்தல் குறைந்து குமட்டல் தொடங்குகிறது. ஐந்தும் ஆறும் வியர்வையையும் ஆட்டையும் நினைவூட்டும். பன்னிரண்டுக்கு மேல் போனால் மூலக்கூறு கனத்துவிடுகிறது. ஆவியாவது அரிது, வாடையும் அநேகமாக இல்லை.

நாற்றம் என்பதில் மூளையின் பங்கும் உண்டு. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பியூட்டிரிக் அமிலமும் ஐசோவலேரிக் அமிலமும் சேர்ந்த ஒரே கலவையை ‘பார்மேசான் சீஸ்’ என்று சொல்லியும் ‘வாந்தி’ என்று சொல்லியும் முகரக் கொடுத்தார்கள். பெயருக்கேற்ப விருப்பும் வெறுப்பும் மாறின. விலங்குகளில் உண்ணிக்கு இந்த வாடை விருந்து அழைப்பு. பாலூட்டிகளின் தோலிலிருந்து வரும் பியூட்டிரிக் அமிலத்தை உணர்ந்துதான் அது செடி நுனியிலிருந்து கீழே விழுகிறது என்று யாகோப் ஃபான் யூக்ஸ்கியூல் என்ற உயிரியலாளர் விவரித்தார்.

வெண்ணெய்க்குள் ஒளிந்திருக்கும் அமிலம்

பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரல் 1814-இல் வெண்ணெயை ஆராய்ந்தபோது இந்த அமிலத்தைக் கண்டார். 1818-க்குள் அதன் தன்மைகளை விவரிக்கும் அளவுக்குத் தூய்மையாக்கினார். வெண்ணெய்க்கான கிரேக்கச் சொல்லிலிருந்தே பெயர் வந்தது.

பால் கொழுப்பின் எடையில் ஏறத்தாழ 3 முதல் 4 சதவீதம் பியூட்டிரிக் அமிலம். அப்படியானால் நல்ல வெண்ணெய் ஏன் நாறுவதில்லை? அமிலம் அங்கே கட்டுண்டு கிடக்கிறது. ஒரு கிளிசரால் மூலக்கூறில் மூன்று கொக்கிகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கொழுப்பு அமிலம் மாட்டியிருக்கும். பியூட்டிரிக் அமிலம் பெரும்பாலும் மூன்றாவது, கடைசிக் கொக்கியில். லைபேஸ் என்ற நொதி ஒரு நீர் மூலக்கூறின் துணையோடு அந்தக் கொக்கியைக் கழற்றினால் அமிலம் விடுதலையாகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 100 கிராம் கொழுப்பில் 3.5 கிராம் பியூட்டிரிக் அமிலம். அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் விடுபட்டாலும் 35 மில்லிகிராம். சிக்கு வாடைக்கு அது தாராளம்.

இங்கே பலர் இடறுகிறார்கள். கொழுப்பு கெடுவதில் இரண்டு வழி உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் தாக்கிக் கெடுவது ஒன்று. பழைய எண்ணெயில் வரும் வார்னிஷ் போன்ற வாடை அது. நீரும் நொதியும் சேர்ந்து கொழுப்பை உடைப்பது மற்றொன்று. பால் கொழுப்பில் வாந்தி வாடை தருவது இது. முதலாவதற்குக் காற்றுப் புகாத டப்பா உதவும். இரண்டாவதற்கு டப்பாவை எவ்வளவு இறுக மூடினாலும் பயன் குறைவு, தேவையான தண்ணீர் வெண்ணெய்க்குள்ளேயே இருக்கிறது. குளிர்ச்சி நொதியின் வேகத்தைத் தணிக்கும். வெண்ணெயை உருக்கி நெய்யாக்கும்போது தண்ணீர் வெளியேறுகிறது, நொதியும் சூட்டில் செயலிழக்கிறது. நெய் வெண்ணெயைவிட நெடுநாள் தாங்குவதற்குக் காரணம் அதுதான்.

பாலில் இயல்பாகவே லைபேஸ் இருக்கிறது, ஆனால் கொழுப்புத் துளிகளைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு அதை அண்டவிடாது. காய்ச்சாத பாலை, கொழுப்புத் துளிகளைச் சிறிதாக நுணுக்கும் ஹோமோஜினைசர் என்ற கருவியில் விட்டால் சவ்வு சிதைந்து, சிறிது நேரத்திலேயே பால் சிக்கு அடிக்கத் தொடங்கும். பச்சைப் பாலை வேகமாகக் கடையும் பம்புகளும், நுரைத்துக்கொண்டே ஓடும் குழாய்களும் இதே கேட்டைச் சிறிய அளவில் செய்யும். 72 டிகிரியில் 15 வினாடி பாஸ்டரைஸ் செய்தால் பாலின் சொந்த லைபேஸ் பெரும்பாலும் அழிந்துவிடும். குளிரிலும் வளரும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் சுரக்கும் லைபேஸ் அப்படியல்ல, சூட்டைத் தாங்கும். அதனால்தான் பாலைச் சூடாக்குவதற்கு முன்பே நாள்கணக்கில் குளிரில் வைத்திருப்பது ஆபத்து. பாக்டீரியா செத்துப்போனாலும் அது விட்டுச்சென்ற நொதி வேலையைத் தொடரும்.

குட்டைச் சங்கிலி அமிலம் இவ்வளவு இருப்பது பால் கொழுப்பின் அடையாளம். கலப்படம் கண்டறிய ரெய்ச்செர்ட்–மெய்சல் எண் என்ற சோதனை அதை நம்பியே உருவானது. 5 கிராம் கொழுப்பைக் காரத்தால் சோப்பாக்கி, கந்தக அமிலத்தால் அமிலங்களை விடுவித்து, வாலைவடித்து 110 மி.லி. திரவம் சேகரிக்கிறார்கள். அதை வடிகட்டி, 100 மி.லி. எடுத்து, 0.1 நார்மல் காரத்தால் தரம்பார்த்து, செலவான மில்லிலிட்டரை 1.1-ஆல் பெருக்கினால் எண் கிடைக்கும். பால் கொழுப்புக்குப் பெரும்பாலும் 24 முதல் 34 வரை வரும், தேங்காய் எண்ணெய்க்கு 6 முதல் 8. மற்றத் தாவர எண்ணெய்களில் பெரும்பாலானவை ஒன்றைக்கூடத் தொடாது. கவனம் தேவைப்படும் இடம் வடிக்கும் வேகம். 110 மி.லி. சேர ஏறக்குறைய 20 நிமிடம் ஆக வேண்டும். குடுவையின் அளவும் விதிப்படி இருக்க வேண்டும். முழு அமிலமும் எந்த நிலையிலும் வந்துவிடுவதில்லை. எல்லோரும் ஒரே மாதிரி வடித்தால்தான் எண்களை ஒப்பிட முடியும்.

நுண்ணுயிர்கள் செய்யும் பியூட்டிரிக் அமிலம்

கொழுப்பே இல்லாத இடத்திலும் இந்த அமிலம் பிறக்கும். சர்க்கரையைப் பியூட்டிரிக் அமிலமாக நொதிக்க வைக்கும் உயிர்கள் ஆக்சிஜன் இல்லாமலே வாழ்கின்றன என்று லூயி பாஸ்டர் 1861-இல் அறிவித்தார். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஒரு பியூட்டிரிக் அமிலம், இரண்டு கார்பன் டை ஆக்சைடு, இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வரும். ஆகவே 180 கிராம் குளுக்கோஸிலிருந்து கிடைக்கக்கூடிய உச்சம் 88 கிராம். இதில் பேர்போனவை கிளாஸ்டிரிடியம் வகைப் பாக்டீரியாக்கள்.

தீவனப்புல்லைக் காற்றில்லாமல் அமுக்கிப் பதப்படுத்தும் சைலேஜில் இது பெரிய தலைவலி. நல்ல சைலேஜில் லாக்டிக் அமிலம் சீக்கிரம் பெருகி பி.எச். (அமிலத்தன்மையின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) நான்கையொட்டி இறங்கிவிடும். புல் அதிக ஈரமாக இருந்தாலோ மண் கலந்திருந்தாலோ கிளாஸ்டிரிடியம் முந்திக்கொள்கிறது. மண்ணில்தான் அதன் வித்துகள் இருக்கின்றன. அது இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளைத் தின்று ஒரே ஒரு பியூட்டிரிக் அமிலத்தை வெளியிடும். அதுவும் லாக்டிக் அமிலத்தைவிட வலுக்குறைந்தது. பாதுகாத்துக்கொண்டிருந்த அமிலத்தன்மை இப்படிக் கரைய, பி.எச். ஏறி, மற்ற கெடுநுண்ணுயிர்களுக்கும் கதவு திறக்கிறது. புல்லை வாடவிட்டு உலர்பொருள் 30 சதவீதத்துக்கு மேல் வந்தபின் அமுக்குவது இதற்காகத்தான். அந்தச் சைலேஜைத் தின்ற மாடுகளின் பாலில் வித்துகள் நுழைந்தால் கதை சீஸ்வரை நீளும்: வாரக்கணக்கில் முதிர்ந்த பிறகு வாயு உண்டாகி, கட்டி ஊதி வெடித்துவிடும்.

நம் பெருங்குடலிலும் இதே அமிலம் இடைவிடாமல் உற்பத்தியாகிறது. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை ஃபீகாலிபாக்டீரியம் போன்ற பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கின்றன. பெருங்குடல் உட்சுவர் செல்கள் தங்கள் ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தை அதிலிருந்தே பெறுகின்றன. இந்த ஒரு தகவலைப் பிடித்துக்கொண்டு பியூட்டிரேட் (இந்த அமிலத்தின் உப்பு) மாத்திரைகளை அள்ளி விழுங்குவது அவசரம். வாய்வழியே போகும் பியூட்டிரேட்டில் பெரும்பகுதி பெருங்குடலை எட்டுவதற்கு முன்பே உறிஞ்சப்பட்டுவிடும்.

நாற்றத்தை மணமாக்குவது

எஸ்டராக்கம் ஒரு சோதனைக்குழாயிலேயே செய்து பார்க்கக்கூடியது. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் உள்ள ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள். உலர்ந்த குழாயில் 10 துளி பியூட்டிரிக் அமிலம், 20 துளி எத்தனால், 2 துளி அடர் கந்தக அமிலம். 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் வைத்து, சமையல் சோடாக் கரைசல் உள்ள சிறு பீக்கரில் ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் கையால் விசிறி முகர்ந்தால் அன்னாசி மணம் வரும். அதுதான் எத்தில் பியூட்டிரேட்.

அளந்து செய்ய வேண்டுமானால் 9.2 மி.லி. அமிலம், அதாவது 0.1 மோல், 17.5 மி.லி. நீரற்ற எத்தனால், அதாவது 0.3 மோல், அடர் கந்தக அமிலம் 1 மி.லி. கொதிகற்கள் போட்டு, குளிர்விப்பான் பொருத்தி, ஒரு மணி நேரம் ஆவி மீளக் கொதிக்க விட வேண்டும். ஏன் மூன்று மடங்கு ஆல்கஹால்? இந்த வினை இரு பக்கமும் ஓடும். சமநிலை மாறிலி ஏறக்குறைய 4. சரிக்குச் சரி போட்டால் மூன்றில் இரண்டு பங்கு அமிலமே எஸ்டராகும். மூன்று மடங்கு ஆல்கஹால் போட்டால் 90 சதவீதம். குடுவையில் ஈரம் இருந்தால் அந்த லாபம் கைநழுவும், ஏனெனில் தண்ணீரும் இந்த வினையின் விளைபொருளே.

ஆறிய கலவையைப் பிரிபுனலில் 30 மி.லி. குளிர்ந்த நீருடன் குலுக்கினால் எஸ்டர் மேலே மிதக்கும். கீழடுக்கை இறக்கிவிட்டு, 5 சதவீதச் சமையல் சோடாக் கரைசல் 20 மி.லி. வீதம் இரண்டு முறை கழுவுங்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிறகு புனலின் குழாயைத் திறந்து வாயுவை விடாவிட்டால் அடைப்பான் பறந்துவிடும். பிறகு நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, 121 டிகிரியையொட்டி வடிவதைச் சேகரிக்கலாம். 11.6 கிராம் என்பது ஏட்டளவிலான உச்சம். கைக்கு வருவது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பலருக்கும் நேரும் பிழை இதுதான்: அன்னாசி மணத்துக்கு அடியில் ஒரு வாந்தி நெடி ஒட்டிக்கொண்டிருக்கும். எஸ்டராகாத அமிலம் மிச்சம், சோடாவில் கழுவியது போதவில்லை என்று பொருள். இன்னொரு முறை கழுவினால் போய்விடும். கலவை பழுப்பாகக் கறுத்தால் கந்தக அமிலம் கூடிவிட்டது.

ஆல்கஹாலை மாற்றினால் பழமும் மாறும். மெத்தனால் போட்டால் ஆப்பிளை ஒத்த மணம், பென்டனால் போட்டால் பேரிக்காயும் ஆப்ரிகாட்டும் கலந்தது போன்ற மணம். மிட்டாய், குளிர்பானம், வாசனைத் திரவியம் தயாரிப்பவர்கள் இந்த எஸ்டர்களை நிறையப் பயன்படுத்துகிறார்கள். வெண்ணெய், சீஸ் சுவையூட்டிகளில் தனி அமிலமே மிகச் சிறிய அளவில் சேரும்.

மற்றப் பயன்கள்

தொழிற்சாலையில் இதற்கு வெண்ணெய் தேவையில்லை. புரோப்பீன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் மூன்றையும் வினையூக்கியுடன் சேர்த்துப் பியூட்டிரால்டிஹைடு செய்து, அதைக் காற்றால் ஆக்சிஜனேற்றம் செய்கிறார்கள். பெரும்பகுதி முதலில் பார்த்த செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட்டுக்குப் போகிறது. அது கருவிப் பிடிகளோடு நிற்பதில்லை, மரச்சாமான், வாகனப் பூச்சுகளிலும் சேர்கிறது. கோழி, பன்றித் தீவனத்தில் குடல்நலத்துக்காகச் சேர்க்கும்போது தனி அமிலமாகப் போட்டால் தீவன ஆலையில் யாரும் நிற்க முடியாது. ஆகவே சோடியம் அல்லது கால்சியம் பியூட்டிரேட்டாக, கொழுப்புப் பூச்சு கொடுத்து, அல்லது கிளிசராலுடன் பிணைத்து டிரைபியூட்டிரினாகத் தருகிறார்கள். டிரைபியூட்டிரின் நாறாது, கசக்கும். குடலில் உள்ள லைபேஸ் அதன் கொக்கிகளைக் கழற்றிக்கொள்ளும். கெண்டை மீன் பிடிப்பவர்கள் தூண்டில் இரையில் அமிலத்தை நேரடியாகவே சில துளி சேர்ப்பதுண்டு.

கொட்டிவிட்டால்

முதல் உந்துதல் தண்ணீர் ஊற்றித் துடைப்பது. அது நிலைமையை மோசமாக்கும். அமிலம் நீரோடு பரவும். பிறகு நீர் உலர்ந்துபோகும், 163 டிகிரியில் கொதிக்கும் அமிலம் தங்கிவிடும். வினிகர் வேண்டவே வேண்டாம், அது அமிலத்தைத் தனிநிலையிலேயே வைத்திருக்கும். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வரும். ஊதுபத்தியும் ரூம் ஸ்ப்ரேயும் இன்னொரு வாசனையைக் கூட்டுமே தவிர இதைக் குறைக்காது.

வேண்டியது சமையல் சோடா. அமிலம் பாதி தனியாகவும் பாதி அயனியாகவும் இருக்கும் பி.எச். 4.8. சோடாக் கரைசலின் பி.எச். 8.3. அங்கே மூவாயிரத்தில் ஒரு மூலக்கூறுதான் பறக்கக்கூடிய தனிநிலையில் இருக்கும். 10 மி.லி. அமிலத்துக்குக் கணக்குப்படி 9.2 கிராம் சோடா. 15 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து, கண்ணாடியும் கையுறையும் அணிந்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். 10 மி.லி.க்கு 2.6 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். மொத்தமாகக் கொட்டினால் நுரை அமிலத் துளிகளைத் தெறிக்கவிடும். நுரை நின்றதும் சிறிது நீர் தெளித்துக் குழைத்து, மறுபடி நுரைக்கிறதா என்று பாருங்கள். பி.எச். தாள் எட்டைக் காட்டியதும் வழித்து, பையில் கட்டி அகற்றலாம். மரம், சிமெண்ட் போன்ற உறிஞ்சும் பரப்பானால், லிட்டருக்கு 50 கிராம் சோடா கரைத்து, துணியில் நனைத்து ஒரு மணி நேரம் போர்த்தி வைத்து, பிறகு நீரால் அலச வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு அங்கேயே இருக்கும். என்றாவது வினிகரோ வேறு அமிலமோ பட்டால் வாடை திரும்பி வரும்.

தோலில் பட்டால் சோடா தேடாதீர்கள். அடர் அமிலம் தோலையும் கண்ணையும் அரிக்கும். உடனே ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிய கையோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும் இதே வைத்தியம்தான். வெதுவெதுப்பான சோப்பு நீரில் சோடா கலந்து தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். அசிட்டோன் தொடக்கூடாது, அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பிளாஸ்டிக் உடைவது நின்றுவிடாது, சில மாதத்தில் வாடை மறுபடி தலைகாட்டலாம். பெட்டிக்குள் கரித்தூள் பை ஒன்றைப் போட்டு, அவ்வப்போது மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள்.

ஆய்வகத்தில் வைப்பதற்குக் கண்ணாடிப் புட்டி, டெஃப்லான் உள்வட்டு கொண்ட மூடி. அந்தப் புட்டியை அடியில் சமையல் சோடா பரப்பிய இன்னொரு மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். ரப்பர் குமிழ் துளிப்பானால் எடுத்தால் அந்தக் குமிழை மறந்துவிட வேண்டியதுதான், வாடை போகாது. தூக்கியெறியும் பிளாஸ்டிக் பிப்பெட் மேல். 0.1 மோலார் கரைசலுக்கு லிட்டருக்கு 9.2 மி.லி. போதும், அதன் பி.எச். 2.9 இருக்கும். பயன்படுத்திய பிப்பெட், கையுறை, தாள் எல்லாம் குப்பைக் கூடைக்குப் போகும் முன் சோடாக் கரைசலில் ஒருமுறை முங்கி எழட்டும்.